என்ன லோடு அடிச்ச வண்டி?

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் சிவகாசிப் பக்கம் ஏழாயிரம்பண்ணையில் இருக்கும் மெக்கானிக் ஒருவரைத் துணைக்குக் கூப்பிட்டால், அவர் போடும் நிபந்தனை ஒன்றுதான். விடியுமுன் கிளம்ப வேண்டும். விற்பவர் வாசலில் வெயில் விழுவதற்குள் வண்டி முன்னால் போய் நின்றாக வேண்டும். "பதினோரு மணிக்கு வாங்க அண்ணாச்சி, டீ குடிச்சிட்டு ஆற அமரப் பாக்கலாம்" என்று யாராவது சொன்னால் அவருக்கு அங்கேயே சந்தேகம் தொடங்கிவிடும்.

காரணம் கரிசல் காட்டு வெயில். டீசல் என்ஜினில் பெட்ரோல் வண்டி மாதிரி தீப்பொறி பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்த, அந்தக் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடேறி, உள்ளே பீய்ச்சும் டீசலைத் தானே பற்றவைக்கிறது. ரிங்கும் லைனரும் தேய்ந்துபோனால் அழுத்தம் கசியும், சூடு ஏறாது, காலை நேரத்தில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரிதான் ஓயும். அதே என்ஜினைச் சித்திரை மாதத்து முற்பகலில் தொட்டால் இரும்பு முழுக்கக் காய்ந்து கிடக்கும். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். ஊட்டியில் மறைக்க முடியாத நோயை இந்த ஊர் வெயில் மறைத்துக் கொடுத்துவிடுகிறது. ஆகவே அவர் போனதும் கை வைப்பது என்ஜின் மேல். ஊரார் குட்டி யானை என்று சொல்லும் டாடா ஏஸ் என்றால் சீட்டைத் தூக்க வேண்டும், என்ஜின் அதற்கடியில்தான் இருக்கிறது. கை சுட்டால், யாரோ நமக்கு முன்னால் எழுந்து வண்டியை ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "நாளைக்கு வர்றோம்ணே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். சண்டை போட மாட்டார்.

கை சுடவில்லை என்றால் அடுத்தது கேள்வி. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று அவர் கேட்பதே இல்லை. "என்ன லோடு அடிச்ச வண்டி?"

இந்த வட்டாரத்தில் அந்தக் கேள்விக்கு விதவிதமான பதில் வரும். தீப்பெட்டி பண்டல், பட்டாசுப் பெட்டி, சிவகாசி அச்சகங்களுக்குக் காகிதம், எம்-சாண்ட், செங்கல், தண்ணீர் கேன், தூத்துக்குடியிலிருந்து மீன், உப்பு. ஒரு பண்டலில் 600 தீப்பெட்டி. கூண்டு உயரத்துக்கு அடுக்கினாலும் குச்சியும் அட்டையும்தானே, எடை அத்தனை வராது. பட்டாசும் அப்படித்தான், பெட்டி பெரிது, கனம் குறைவு. இடம் நிறைந்துவிடும், ஸ்பிரிங் நிறையாது. காகிதம் நேர்மாறு. ரீம் கட்டை இடுப்புயரம் அடுக்குவதற்குள்ளேயே வண்டி பின்னால் உட்கார்ந்துவிடும். காலண்டர் சீசனில் காகிதம் இழுத்த பிக்கப்பும், அதே ஆண்டில் அதே கம்பெனியிலிருந்து வந்து தீப்பெட்டி மட்டும் இழுத்த பிக்கப்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், மீட்டர் ஒரே எண்ணைக் காட்டினாலும் அவை ஒரே விலைக்குரிய வண்டிகள் இல்லை. இதைப் புரிந்துகொண்டவர்கள் பழைய வண்டி விற்றுக்கொடுக்கும் கன்சல்டிங்காரர்களிலேயே குறைவு. அவர்கள் மாடலையும் டயரையும் பார்த்து விலை சொல்லிப் பழகியவர்கள்.

விற்பவர் உண்மையைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. "வீட்டு உபயோகம்தான் அண்ணாச்சி, வாரத்துக்கு ஒரு லோடு" என்பார். மெக்கானிக் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வார்.

அங்கே இரும்பு பேசும். ஸ்பிரிங் பட்டைகள் எல்லாம் ஒரே வயதா, நடுவில் புதிதாக ஒன்றிரண்டு செருகியிருக்கிறதா என்று முதலில் எண்ணுவார். கூடுதல் பட்டை இருந்தால் அது பாரம் ஏற்றிய வண்டி, பேச்சே வேண்டாம். பிறகு கேபினுக்குப் பின்னால் சேசிஸ் வளைந்திருக்கிறதா, ஓரங்களில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா, யு-போல்ட் நட்டுகளில் புதுச் சாவி பிடித்த தடம் இருக்கிறதா. கையில் சின்னச் சுத்தியல். நல்ல சேசிஸ் கணீரென்று சொல்லும், துரு தின்ற இடம் மொத்தென்று அடங்கும். புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்த சேசிஸ் என்றால் இன்னும் நெருக்கமாகத் தட்டுவார். பத்து வயது வண்டிக்கு அடிவயிற்றில் மட்டும் எதற்கு அலங்காரம்?

துருவிலும் ஊர் வாசனை உண்டு. தூத்துக்குடிப் பக்கம் மீன் இழுத்த வண்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் படுக்கையின் இடுக்கு வழியாக ஒழுகி, சேசிஸின் உள்பக்கத்தைத் தின்றிருக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். அதனால் சேசிஸ் ஓட்டைகளுக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். செதில் செதிலாக வந்தால் கதை முடிந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளத்தில் தூத்துக்குடி மாவட்டத்தில் எத்தனையோ வண்டிகள் முங்கின. முங்கிய வண்டி உப்பு வண்டியை விட மோசம். அதைக் கழுவி, சீட் உறை மாற்றி, வாசனை அடித்து விற்றுவிடலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை யாரும் இழுத்துக் கழுவுவதில்லை. அவர் இழுப்பார். அடிமுனையில் வண்டல் கோடு தெரிந்தால் ஃபியூஸ் பெட்டியைத் திறப்பார். செம்பு முனைகளில் பச்சை பூத்திருக்கும்.

படுக்கைத் தகரத்துக்கு இந்த ஊரில் தனிப் பார்வை வேண்டும். தீப்பெட்டி ஆலைக்குப் பொட்டாசியம் குளோரேட் போயிருக்கலாம், பட்டாசு ஆலைக்கு வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் போயிருக்கலாம். மூட்டையிலிருந்து சிந்தியது தகர மடிப்பில் தங்கும், மழை ஈரம் பட்டால் அங்கே முதலில் துரு விழும். வாங்கியவர் செய்யும் அடுத்த வேலை என்ன? ஓட்டை அடைக்க வெல்டிங் பட்டறைக்கு ஓட்டிப்போவது. இந்த இடத்தில்தான் மெக்கானிக் குரலை உயர்த்துவார். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் உரசலே போதும், பற்றிக்கொள்ளும். அந்த ஆபத்துக்காகவே பட்டாசில் அந்தக் கலவையை மத்திய அரசு 1992-ல் தடை செய்தது. தடை ஆலைக்குத்தான், வண்டியின் மடிப்பில் முந்தாநாள் சிந்திய ஒன்றும் நேற்றுச் சிந்திய மற்றொன்றும் சட்டம் படித்துவிட்டுச் சேருவதில்லை. படுக்கையைத் தண்ணீர் பீய்ச்சி, மடிப்புகளைக் குடைந்து, மறுபடி பீய்ச்சிக் காயவைத்த பிறகுதான் வெல்டிங் என்பது அவர் பட்டறையில் மாற்றமில்லாத வழக்கம். பக்கத்து அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12-ல் பட்டாசு ஆலை வெடித்துப் பலர் செத்த ஊர்ப்புறம் இது. இங்கே அதிகப்படியான எச்சரிக்கை என்று யாரும் அவரைக் கேலி செய்வதில்லை.

அதே காரணத்தால் மற்ற ஊர் மெக்கானிக்குகள் கடைசியில் பார்க்கும் ஒயரிங்கை இவர் சீக்கிரமே பார்த்துவிடுகிறார். கம்பெனி ஒயரிங் நெளிகுழாய்க்குள் ஒழுங்காக ஓடும். அதன் மேல் ஹாரன், சீரியல் லைட், பாட்டுப் பெட்டி, செல்போன் சார்ஜர் என்று ஆளாளுக்கு இழுத்த ஒயர்கள் தனிக் காடு. டேப் சுற்றிய இணைப்பு, ஃபியூஸ் போட வேண்டிய இடத்தில் சுற்றிவைத்த செம்புக் கம்பி, சைலன்சருக்கு அருகே தொங்கும் ஒயர். காய்கறி ஏற்றினால் இவை எரிச்சல் தரும் குறைகள். பட்டாசு ஏற்றினால் கொலைக்குறை. ஆலை வாசலுக்குள் போகும் வண்டிக்குப் புகைக்குழாயில் தீப்பொறித் தடுப்பான் கேட்பார்கள். அது இருக்கிறதா, வலை ஓட்டை விழாமல் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவார்.

இவ்வளவுக்கும் பிறகுதான் சாவி.

முதல் சுற்றிலேயே பிடிக்கிறதா, எத்தனை நொடி இழுக்கிறது, முதல் புகை என்ன நிறம். வெள்ளைப் புகை சற்று நேரத்தில் அடங்கினால் எரியாத டீசல். அடங்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட். நீலப் புகை ஆயில் எரிவது. கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம்: அடைத்த ஃபில்டர், ஒழுகும் இன்ஜெக்டர், களைத்த டர்போ. ஆயில் மூடியைத் திறந்து கவிழ்த்து அதே வாயில் வைப்பார். லேசாக நடுங்கினால் போகட்டும். துள்ளி விழுந்தால் ரிங் வழியாக அழுத்தம் கீழே கசிகிறது. மூடியின் உள்பக்கத்தில் பால் ஊற்றிய காப்பி நிறத்தில் பிசின் ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. அத்தோடு என்ஜினை அணைக்கச் சொல்லிவிடுவார்.

விற்பவர்களும் சும்மா இருப்பதில்லை. என்ஜின் சத்தத்தை அடக்கக் கெட்டி ஆயில் ஊற்றுவது பழைய வித்தை. டிப் குச்சியை உருவி இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் தெரிந்துவிடும். சுத்தமான புது ஆயில் அவருக்கு நல்ல சகுனமாகப் படுவதில்லை. விற்கப் போகிற வண்டிக்கு ஆயில் மாற்றுகிற அளவு தாராளம் ஏன் என்றுதான் யோசிப்பார். வாட்டர் வாஷ் செய்து பளிச்சென்று நிற்கும் என்ஜினும் அப்படியே. எங்கெங்கே ஒழுகியது என்பதைச் சொல்லும் அழுக்கையும் சேர்த்துக் கழுவிவிட்டார்கள்.

ரேடியேட்டரைத் திறந்தால் ஊர் தெரியும். கூலன்ட் வாங்கக் காசில்லாமல், அல்லது மனமில்லாமல், போர்த் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டியில் உப்புப் படிவம் வெள்ளையாக அடைத்திருக்கும். இந்தப் பக்கத்துப் போர்த் தண்ணீரில் பானை கொதித்தாலே அடியில் வெள்ளை படியும், ரேடியேட்டரை அது விட்டுவைக்குமா? பங்குனி வெயிலில் முழு லோடோடு போகையில் அந்த வண்டி கொதித்து நிற்கும். கரிசல் தூசியும் இன்னொரு எதிரி. ஏர் ஃபில்டரைப் பார்த்தால் போதாது, அது நேற்று மாற்றியதாக இருக்கும். ஃபில்டருக்குப் பின்னால் என்ஜினுக்குப் போகும் குழாயைக் கழற்றி உள்ளே விரலைத் துடைப்பார். விரலில் மண் ஒட்டினால், அந்த மண் லைனரை எப்போதோ தேய்க்கத் தொடங்கிவிட்டது.

2005-ல் ஏஸ் வந்தபோது இதெல்லாம் எளிது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி., ஸ்பேனரும் காதும் போதும். அதற்கு முன்னால் அவர் தொழில் கற்றது 1986-ல் வந்த டாடா 407 வண்டிகளில். பிறகு மஹிந்திரா பொலேரோ பிக்கப், 2011-ல் அசோக் லேலண்ட் தோஸ்த் என்று காமன்ரெயில் என்ஜின்கள் நிறைந்தன. இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் திருப்பி அனுப்பும் டீசலைச் சின்னப் பாட்டில்களில் பிடித்து அளந்து பார்க்க வேண்டியதாயிற்று. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதிப்படியான புது வண்டி மட்டுமே விற்கலாம் என்றான பிறகு ஸ்கேனர் இல்லாமல் வண்டி பார்க்கப் போவதில் பொருளில்லை. கரிப்புகை வடிகட்டி அடைத்துக்கொண்டதும் செலவுக்குப் பயந்து அதை வெட்டியெடுத்து, கம்ப்யூட்டரையும் ஏமாற்றிவைத்திருக்கிற வண்டிகள் சந்தைக்கு வருகின்றன. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியாதது நல்லதுதான். ஆனால் சாவி போட்டதும் அந்த விளக்கு ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். ஒருமுறைகூட எரியவில்லை என்றால் பல்பின் வாயை யாரோ கட்டியிருக்கிறார்கள்.

மீட்டரைப் பற்றி அவருக்குப் பெரிய மரியாதை இல்லை. கிளட்ச் பெடல் ரப்பர் வழுக்கையாகி, ஸ்டீயரிங் தோல் பளபளத்து, டிரைவர் சீட்டு ஒரு பக்கம் சரிந்திருக்க, மீட்டர் முப்பத்தைந்தாயிரம் காட்டினால் சிரிப்பார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3521 என்றால் 2021-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்தது. 2018 வண்டியில் நான்கு டயரும் 2021 என்றால், முதல் செட் எத்தனை ஆயிரத்தில் தேய்ந்தது என்று விற்பவரே கணக்குப் போட்டுச் சொல்லட்டும் என்று விட்டுவிடுவார்.

ஓட்டிப் பார்ப்பதில் இந்த ஊருக்கு ஒரு குறை உண்டு. எங்கும் சமதரை. காலி பிக்கப்பைத் தட்டையான சாலையில் ஓட்டினால் எல்லா என்ஜினும் இழுக்கும். ஆகவே முடிந்தால் லோடோடு, இல்லையென்றால் பின்னால் ஆட்களையாவது மூட்டைகளையாவது ஏற்றி, நான்குவழிச் சாலையின் மேம்பாலம் ஒன்றில் ஏற்றிப் பார்ப்பார். (ஆட்களை ஏற்றுவது சட்டப்படி தப்பு என்பது அவருக்கும் தெரியும்; இப்போதெல்லாம் மூட்டைதான்.) நிற்கும் வண்டியில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு மூன்றாவது கியரில் கிளட்சை விட்டால் என்ஜின் உடனே நின்றுபோக வேண்டும். நிற்காமல் உறுமினால் கிளட்ச் வழுக்குகிறது. முன்னும் பின்னும் நகர்த்தும்போது டக்கென்று அடித்தால் ஜாயிண்ட் கிராஸ். ஜாக்கி போட்டு முன் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டினால் கிங் பின் கதை வெளியே வரும். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றும் அவர் சட்டைப் பையில் இருக்கும். கதவிலும் மட்கார்டிலும் அது ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறது.

விலை பேசுவதில் அவர் தலையிடுவதில்லை. ஆனால் எப்போது வாங்கலாம் என்று கேட்டால் சொல்வார். ஆவணி, புரட்டாசியில் வாங்காதே. தீபாவளிச் சரக்குக்கு எல்லோருக்கும் வண்டி வேண்டும். தீபாவளி முடிந்து ஆலைகள் ஓய்கிற நாட்களில் தவணை கட்ட முடியாதவர்களே தேடி வருவார்கள். 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு தவிர மற்றவற்றுக்குத் தடை போட்டு, சிவகாசி வட்டாரத்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த அந்தக் காலத்தை அவர் வேறு விதமாக நினைவு வைத்திருக்கிறார். ஃபைனான்ஸ்காரர்களின் சீஸ் யார்டுகளில் நிற்க இடமில்லாமல் வண்டிகள் நின்ற காலம். யார்டில் பல மாதம் நின்ற வண்டிக்குத் தனிக் கவனம் வேண்டும் என்பார்: டீசல் டேங்கில் தண்ணீர் சேர்ந்திருக்கும், பிரேக் பிடித்துப்போயிருக்கும், எலி ஒயரைக் கடித்திருக்கும். என்ஜின் மட்டும் பெரும்பாலும் ஏமாற்றாது. ஓடிக்கொண்டிருந்த வண்டியைத்தான் நடுவில் பிடுங்கி வந்திருப்பார்கள். விற்பதற்காக யாரும் அதை ஒப்பனை செய்யவில்லை.

காகிதம் பார்ப்பது மெக்கானிக் வேலை இல்லை என்றாலும் அவர் பார்க்காமல் விடமாட்டார். சேசிஸ் எண் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுவார். டாடா என்றால் எம்.ஏ.டி. என்றும் மஹிந்திரா என்றால் எம்.ஏ.1 என்றும் தொடங்கும். பத்தாவது எழுத்து பெரும்பாலும் தயாரித்த ஆண்டைச் சொல்லும். ஜே என்றால் 2018, கே என்றால் 2019. ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவாகியிருந்தால் தடையில்லாச் சான்றும் 35-ம் எண் படிவமும் இல்லாமல் ஒரு ரூபாய் முன்பணம் கொடுக்கக் கூடாது. தகுதிச் சான்றான எஃப்.சி. எட்டு வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும். முடிந்துபோன எஃப்.சி.யோடு விற்கிற வண்டி என்றால் அந்தச் செலவையும் விலையில் கழிக்க வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு பெர்மிட் வேண்டாம். ஏஸ் அதில் அடங்கும், பெரிய பிக்கப்கள் சில அடங்காது.

பெயர் மாற்றத்தில்தான் ஊர்க்காரர்கள் அலட்சியமாக இருப்பார்கள். 29, 30 படிவங்களில் விற்பவரிடம் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அப்படியே அடுத்தவருக்கு விற்பதும் நடக்கும். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். 2018 பிப்ரவரியில் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி பல கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. இதைச் சொல்லி அவர் பயமுறுத்துவது விற்பவர்களைத்தான். பயந்த விற்பவர் தானே சிவகாசி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வண்டியேறி வருவார்.

இத்தனையும் பார்த்து ஒரு தம்பிக்கு வாங்கிக் கொடுத்த பொலேரோவில் ஒன்று விட்டுப்போயிற்று. அது வண்டியில் இல்லை, கண்ணாடியில் ஒட்டியிருந்தது. வாங்கிய வாரத்திலேயே அந்தத் தம்பி மதுரைக்கு லோடு அடித்தார். எட்டூர்வட்டம் சுங்கச்சாவடியிலும் கப்பலூரிலும் தடுப்பு தானாகத் திறந்தது. சாயங்காலம் பழைய உரிமையாளர் போன் செய்தார். "தம்பி, வண்டி நல்லா ஓடுதுபோல. போறதுக்கும் வர்றதுக்கும் எங்கிட்டதான் காசு பிடிச்சிருக்கான்." ஃபாஸ்டேக் அவர் கணக்கிலேயே இருந்தது. மறுநாள் காலை ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது வாங்கினார்கள். சுங்கக் காசை ஜிபேயில் திருப்பி அனுப்பியபோது, பழைய உரிமையாளர் கேட்காமலே ஒரு தகவல் சொன்னாராம்: ரிவர்ஸ் கியர் சில நேரம் விழாது, கிளட்சை இரண்டு தடவை மிதித்தால் விழுந்துவிடும்.